உப்பு மறைந்ததா, கரைந்ததா? ஒரு மாதிரிக் கட்டுரையைப் படித்தபின்



நீரில் கரைந்திருக்கும் பொருளை ஒளியாலும் ஒலியாலும் கண்டறிவது பற்றி ஒரு மாதிரிக் கட்டுரை ஈராண்டாக நம் புலனக் குழுக்களில் சுற்றி வருகிறது. யார் எழுதியது என்று தெரியவில்லை. ஒரு பயிற்றியிலிருந்து இன்னொரு பயிற்றிக்கு வெட்டி ஒட்டி வந்ததில் எழுதியவர் பெயர் எங்கோ உதிர்ந்துவிட்டது. என் வகுப்பிலும் இரண்டு முறை இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் கீழே நான் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். வாக்கியங்கள் சிறியவை. இடைச்சொற்கள் சரியான இடத்தில் விழுகின்றன. பத்தி பிரிப்பு தேர்வாளர் விரும்பும்படி இருக்கிறது. அதைவிட முக்கியம், தலைப்பு. "நான் ஒரு பேனா" என்று எழுதி எழுதித் தேய்ந்துபோன கைகளுக்கு, கரைசலைப் பற்றித் தமிழில் 300 சொல் எழுதலாம் என்று காட்டியதே பெரிய காரியம். இந்தத் துணிச்சல் நமக்கு இன்னும் வேண்டும். ஆனால் உள்ளே போனால் நான்கு இடங்களில் கட்டுரை சறுக்குகிறது. அதில் ஒரு சறுக்கல் ஒரு வீட்டில் கிட்டத்தட்ட உயிர் போகிற விசயமாகிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் சறுக்கல் முதல் வரியிலேயே. உப்பை நீரில் போட்டுக் கலக்கினால் அது கரைந்து மறைந்துவிடும் என்று கட்டுரை தொடங்குகிறது. நாம் எல்லாரும் சொல்கிற வாக்கியம்தான். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதை வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "மறைஞ்சிருச்சுன்னா அப்புறம் ஏன் சார் கரிக்குது?" பக்கத்தில் இருந்த பையன் அடுத்த படிக்கே போய்விட்டான்: "அப்பன்னா தண்ணி தெளிவா இருந்தா உள்ள ஒன்னும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவன் கேட்டதில் தவறில்லை. நாம் கொடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் போயிருக்கிறான். ஈயமும் ஆர்சனிக்கும் கரைந்த நீர்கூடக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதைத்தான் இந்தப் பாடம் சொல்லித் தர வேண்டும். "மறைந்தது" என்ற ஒரே சொல் அதைக் கெடுத்துவிடுகிறது. செயற்பாங்குத் திறனில் உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். "உப்புத் துகள் கண்ணுக்குத் தெரியவில்லை" என்பது உற்றறிதல். "உப்பு மறைந்தது" என்பது ஊகம், அதுவும் தவறான ஊகம். கட்டுரை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

இத்தனைக்கும் தமிழ்ச் சொல் நம் பக்கம்தான் நிற்கிறது. கரைதல் என்றால் நீரில் கலத்தல் மட்டுமா? காகம் கரைகிறது என்கிறோமே. கரைதல் என்றால் கூவுதல், அழைத்தல் என்றும் பொருள். சுற்றந்தழால் அதிகாரத்தில் வரும் காக்கைக் குறளை நாமே வகுப்பில் நடத்துகிறோம். காக்கை கிடைத்ததை ஒளித்து வைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் என்று பொருள் சொல்லித் தருகிறோம். அங்கே கரைதல் ஒளித்தலுக்கு நேர் எதிர்ச்சொல்லாகவே நிற்கிறது. சொற்பிறப்பில் இரண்டு "கரைதல்"களும் ஒன்றுதானா என்பது மொழியறிஞர் பார்க்க வேண்டியது, நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. வகுப்பறைக்கு இது ஒரு நல்ல பிடி, அவ்வளவுதான். கரைந்த பொருள் ஒளிந்துகொள்வதில்லை, சரியான முறையில் கேட்டால் குரல் கொடுக்கும். எந்தப் பொருள் எந்தக் கேள்விக்குக் குரல் கொடுக்கும் என்பதுதான் பாடமே.

இனி ஒளிக்கு வருவோம். கரைந்த பொருள் எவ்வளவு இருமடங்காகிறதோ ஒளியும் அவ்வளவு இருமடங்கு குறையும் என்று கட்டுரை சொல்கிறது. இது கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. 1852இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் பீர் கண்ட விதியை நம் ஊர் ரோஸ் சிரப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு கரண்டி சிரப் கலந்த நீர் பச்சை ஒளியில் பாதியைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி கலந்தால் முழுவதையும் தின்னுமா? தின்னாது. மீந்த பாதியில் மறுபடி பாதி போகும். ஆக முக்கால் போய்க் கால் மிஞ்சும். மூன்று கரண்டி என்றால் அரைக்கால் மிஞ்சும். கைப்பேசி விளக்கு, பச்சை நிறத் தாள், ஒளி அளக்கும் செயலி இருந்தால் வகுப்பிலேயே இதைக் காட்டிவிடலாம். எண்கள் கச்சிதமாக வராது, போக்கு வரும். சிவப்புத் தாளைப் போட்டுப் பார்த்தால் சிரப் நீர் ஒளியை அவ்வளவாகத் தடுக்காது. ஏன் பச்சையைத் தின்று சிவப்பை விட்டது என்று மாணவர்களையே கேளுங்கள், நல்ல உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி அது.

இதே சோதனையை உப்பு நீரில் செய்து பாருங்கள். பச்சையும் போகும், சிவப்பும் போகும், நீலமும் போகும். உப்பு அந்தக் கேள்விக்கு வாய் திறக்காது. ஆனால் ஒளியை வளைக்கும். தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333. ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்புகள் உள்ள கடல்நீரில் அது ஏறக்குறைய 1.339. நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை கரைந்த நீரில் 1.348. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் சிறு குழாய் போன்ற கருவி இந்த வளைவைத்தான் படிக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எவ்வளவு வளைந்தது என்று சொல்லுமே தவிர, வளைத்தது உப்பா சர்க்கரையா என்று சொல்லாது. உப்பு நீரை ஊற்றினால் அதற்கும் ஒரு இனிப்பு எண் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

ஆள் யார் என்று ஒளி சொன்ன கதையும் இருக்கிறது. 1860இல் ஹைடல்பர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் டியூர்க்ஹைம் ஊற்று நீரை வற்றவைத்து, எஞ்சியதைச் சுடரில் காட்டி, வரும் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார்கள். அதுவரை எந்தத் தனிமத்திலும் காணாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. சீசியம் அப்படித்தான் கிடைத்தது. கோடு கண்டது ஒரு துளியில். கையில் எடுத்துப் பார்க்கச் சில கிராம் சேர்க்க 40 டன்னுக்கு மேல் நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. நம் கட்டுரையில் இந்தக் கதை இல்லை. இருந்திருந்தால் முதல் பத்தியே நிமிர்ந்திருக்கும்.

அதற்குப் பதில் கட்டுரை இராமனைக் கூப்பிடுகிறது. தமிழ் மாதிரிக் கட்டுரைகளில் இராமன் எப்போதும் ஒரே கப்பலில்தான் வருவார். கடலைப் பார்த்தார், ஏன் நீலம் என்று கேட்டார், இராமன் விளைவைக் கண்டார், நோபல் பரிசு பெற்றார். நான்கு வாக்கியத்தில் ஒன்பது ஆண்டு ஓடிவிடும். 1921 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது நார்குண்டா கப்பலில் அவர் செய்தது வேறு. கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற அக்காலக் கருத்தைச் சோதித்தார். கையடக்க நிக்கல் பட்டகத்தைச் சரியான கோணத்தில் பிடித்து, நீரின் மேற்பரப்பிலிருந்து வரும் பிரதிபலிப்பை அடக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் நிறம் நீருக்குள்ளிருந்து வருகிறது. கடலின் நீலத்தில் நீரே சிவப்பொளியை உட்கவர்வதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்றைய விளக்கம். சிதறல் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பாதிப் பதில்.

இராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928இல், கல்கத்தாவில், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனின் பெயரை நம் கட்டுரைகள் ஏன் இவ்வளவு எளிதாக விட்டுவிடுகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. பரிசு ஒருவருக்கு என்பதற்காக உழைப்பும் ஒருவருடையதாகிவிடுமா?

இதெல்லாம் வரலாற்றுப் பிழை. அறிவியல் பிழை அடுத்த வரியில் இருக்கிறது. இராமன் விளைவைக் கொண்டு நீரில் கரைந்த எந்தப் பொருளையும் கண்டறியலாமாம். எந்தப் பொருளையும் என்ற அந்த "உம்" பெரிய வில்லங்கம். இராமன் விளைவில் ஒளி ஒரு மூலக்கூற்றின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்து வாங்குகிறது. சல்ஃபேட் அயனியில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் பிணைந்திருப்பதால் அதிர்வு உண்டு. நைட்ரேட்டுக்கும் உண்டு. இரண்டும் இராமன் நிறமாலையில் தத்தம் இடத்தில் தெளிவான கோடு போடும். ஆனால் சமையல் உப்பு கரைந்தால் சோடியம் அயனி தனி, குளோரைடு அயனி தனி. ஒற்றை அணு எதனோடு அதிரும்? அதற்கென்று சொந்தக் கோடு கிடையாது. அக்கம்பக்க நீர் மூலக்கூறுகளின் பட்டைகளைக் கொஞ்சம் மாற்றுவதோடு சரி. கட்டுரை எந்தப் பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு தொடங்கியதோ, அந்த உப்பையே இராமன் முறை நேராகக் காட்டாது. எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் கட்டுரையின் திருப்புமுனையே அதுவாக இருந்திருக்கும்.

இன்னொரு வருத்தம். கட்டுரையின் தலைப்பில் ஒளியும் இருக்கிறது, ஒலியும் இருக்கிறது. திரவத்துக்குள் இரண்டும் உண்மையிலேயே சந்திக்கும் இடத்தில் அதே இராமன் நிற்கிறார். நம் கட்டுரை அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. 1932இல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள்: மீயொலி பாயும் திரவத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால் அது பல கதிர்களாகப் பிரிகிறது. ஒலியலை போகும் வழியில் திரவம் நெருங்கி விலகி, நெருங்கி விலகி நிற்கிறது. அது ஒளிக்கு நுண்ணிய கோடுகள் கீறிய கீற்றணி போல ஆகிவிடுகிறது. நொடிக்கு 1 கோடி அதிர்வுள்ள மீயொலி என்றால் நீரில் அந்தக் கோடுகளின் இடைவெளி 0.15 மில்லிமீட்டர். இதற்குச் சரியான கணக்கை 1935, 1936 ஆண்டுகளில் பெங்களூரில் இராமனும் நாகேந்திர நாத்தும் எழுதினார்கள். ஒளிக்கதிர்கள் பிரியும் கோணத்திலிருந்து ஒலியின் அலைநீளமும், அதிலிருந்து கரைசலில் ஒலியின் வேகமும் கிடைக்கும். திருச்சியில் பிறந்தவர் செய்த வேலை, தலைப்புக்கு அச்சாகப் பொருந்துகிற வேலை. ஒரு வரிகூட இல்லை.

ஒலி பற்றிய பத்தி மெலிந்தது. வௌவால் வருகிறது, ஓங்கில் வருகிறது, மருத்துவமனை ஸ்கேன் வருகிறது. கரைந்த பொருள் வரவில்லை. சொல்ல ஒன்றுமில்லாததாலா? 1826இல் ஜெனீவா ஏரியில் இரவில் இரண்டு படகுகளை 13 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தி, ஒரு படகில் நீருக்கடியில் மணியை அடித்து, அதே கணம் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள் கொலாடனும் ஸ்டர்மும். மறு படகில் ஒளி தெரிந்ததிலிருந்து நீண்ட குழல் வழியே மணியோசை கேட்கும் வரை கணக்கிட்டால் 9 நொடி சொச்சம். நீரில் ஒலி நொடிக்கு 1435 மீட்டர் என்று கிடைத்தது. ஏரி நீர் அப்போது சுமார் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தது. வெப்பநிலையை ஏன் சொல்கிறேன் என்றால், தூய நீரில் 20 பாகையில் வேகம் 1482 மீட்டர், 25 பாகையில் 1497. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3 மீட்டர் கூடுகிறது. உப்பைக் கரைத்தாலும் வேகம் கூடும். கிலோவுக்கு 1 கிராம் உப்புக்கு 1 மீட்டருக்குச் சற்று மேல். ஆக வெப்பமானியை 1 பாகை தவறாகப் படித்தால், இல்லாத உப்பை இரண்டரை கிராம் அளவுக்கு "கண்டுபிடித்து"விடுவோம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்பது தேர்வில் ஒரு புள்ளி வாங்குவதற்கான சொல் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒலியின் வேகம், ஒளிவிலகலைப் போலத்தான், எவ்வளவு என்று சொல்லும், யார் என்று சொல்லாது. யார் என்று ஒலி சொன்ன கதை கடலில் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட ஒலியைப் பயன்படுத்தியபோது, பல்லாயிரம் அதிர்வுள்ள ஒலியைக் கடல்நீர் நன்னீரைவிடப் பல மடங்கு விழுங்குவது தெரிந்தது. உப்புத்தானே காரணம் என்று நினைக்கத் தோன்றும். கடலில் மிகுதியாக இருப்பது அதுதானே. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் லெனார்ட் செய்த சோதனைகள் வேறு ஆளைக் காட்டின: மக்னீசியம் சல்ஃபேட். பேதிக்குக் கொடுக்கிற அந்த உப்புதான். நீரில் மக்னீசியமும் சல்ஃபேட்டும் இணையாகச் சேர்வதும் பிரிவதுமாக இருக்கின்றன. ஒலியலையின் அழுத்தம் கூடிக் குறையும்போது இந்தச் சேர்க்கை சற்று முன்பின்னாக மாறுகிறது. ஆனால் அலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் கொஞ்சம் பிந்துகிறது. அந்தப் பிந்துதலில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. சோடியமும் குளோரைடும் அப்படி இணை சேர்வதில்லை. எவ்வளவு நிறைய இருந்தும் ஒலியின் காதில் விழவில்லை. இதற்கும் கீழான ஒலியில், ஏறக்குறைய ஆயிரம் அதிர்வில், இன்னொரு இழப்பு இருந்தது. 1970களில் அதற்குக் காரணம் போரிக் அமிலம் என்று தெரிந்தது. கடல்நீர் ஒரு கிலோவில் போரான் 5 மில்லிகிராம்கூட இல்லை. இப்படி நொடியில் மிகச் சிறு பங்கில் நடக்கும் வேதிவினைகளை அளக்க வழி கண்டவர்களில் ஒருவரான மான்ஃபிரெட் ஐகன் 1967இல் வேதியியல் நோபல் பெற்றார். வௌவாலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாமே.

ஒளியைக் கொடுத்து ஒலியை வாங்கும் முறையும் உண்டு. கட்டுரையில் இதற்கு "ஒளியொலி முறை" என்று பெயர் மட்டும் வருகிறது. பெயர் நல்ல பெயர். 1880இல் தொலைபேசி புகழ் கிரகாம் பெல், துளைகள் உள்ள சுழல் தட்டின் வழியே சூரிய ஒளியை விட்டு விட்டு மெல்லிய பொருள்மேல் விழச் செய்தபோது அந்தப் பொருள் ஒலி எழுப்புவதைக் கேட்டார். திரவங்களிலும் வாயுக்களிலும்கூட இது நடக்கிறது. கரைந்த பொருள் ஒளியை உட்கவர்கிறது, இம்மியளவு சூடாகிறது, சுற்றியுள்ள திரவம் விரிகிறது, அந்த விரிவு அழுத்த அலையாகப் பரவுகிறது. இன்று சூரியனுக்குப் பதில் லேசர், காதுக்குப் பதில் அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகம்.

இதன் அருமை மிக நீர்த்த கரைசலில் தெரியும். பத்தாயிரம் பங்கு ஒளி விட்டு 9,999 பங்கு வெளியே வந்தால், சாதாரண ஒளி அளவீட்டில் அந்த ஒரு பங்குக் குறைவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நிறைந்த மண்டபத்தில் ஒருவர் எழுந்து போனதை எண்ணிக் கண்டுபிடிப்பது மாதிரி. ஒளியொலி முறையில் போகாமல் நின்ற அந்த ஒரு பங்குதான் ஒலி எழுப்பும். மண்டபத்தை எண்ண வேண்டியதில்லை. ஆனால் இதற்கும் ஒரு விநோதம். நீர் 4 பாகையில் சூடானாலும் விரிவதில்லை என்று நாம் வேறொரு பாடத்தில் சொல்லித் தருகிறோம் இல்லையா? விரிவு இல்லையென்றால் ஒலியும் இல்லை. 4 பாகைக்கு அருகில் நீர்க் கரைசல்கள் ஏறக்குறைய ஊமையாகிவிடும். பொருள் அங்கேயேதான் இருக்கும்.

மூன்றாவது சறுக்கல் கட்டுரையின் பின்னிணைப்பாக வரும் நடவடிக்கை. மூன்று கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை, கரண்டியால் தட்டு, ஒலி மாறும், அதுவே கரைந்த பொருளின் அடையாளம். நான் இதைச் செய்து அவமானப்பட்டவன். ஆறு குழு, ஆறு விதமான முடிவு. ஒரு குழுவில் உப்பைக் கலக்கியதும் ஒலி தாழ்ந்து, பிறகு தானாக ஏறிக்கொண்டே போனது. "சார், உப்பு திரும்ப வெளிய வந்துருச்சா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, மணி அடித்தது, தப்பித்தேன்.

பதில் பிறகு கிடைத்தது. அது உப்பின் குரலே இல்லை, காற்றுக் குமிழ்களின் வேலை. உப்பைக் கொட்டும்போது நீரில் கரைந்திருந்த காற்று நுண்குமிழ்களாக வெளியேறுகிறது. நூற்றில் ஒரு பங்கு குமிழ் இருந்தாலே நீரில் ஒலியின் வேகம், காற்றில் உள்ள 340 மீட்டருக்கும் கீழே விழுந்துவிடும். வேகம் விழுந்தால் சுருதி இறங்கும். குமிழ்கள் மேலேறிப் போகப் போகச் சுருதி ஏறும். சூடான மைலோ கலக்கிவிட்டுக் குவளையின் அடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருங்கள், நன்றாகக் கேட்கும். விளிம்பைத் தட்டினால் கேட்பது பெரும்பாலும் குவளையின் ஓசைதான். 1982இல் ஃபிராங்க் கிராஃபோர்டு என்ற அமெரிக்க இயற்பியலாளர் சுடு சாக்லேட் பானத்தை வைத்தே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகத்தில் டாரா ஃபிட்ஸ்பேட்ரிக் குழுவினர் இதையே கருவியாக்கி, எந்தத் தூள் கரைகிறது என்பதை அது காற்றை வெளியேற்றும் பாணியிலிருந்து கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். ஆக நடவடிக்கை வீணில்லை. அதன் விளக்கம்தான் பொய். "கரைந்ததன் ஒலி" என்று எழுதாமல் "கரையும்போது வெளியேறும் காற்றின் ஒலி" என்று எழுதியிருந்தால் முத்தான நடவடிக்கை.

இப்போது கடைசிப் பத்தி. இனி விரலைக் குத்தாமலேயே, கையில் கட்டும் கடிகாரம் ஒளியாலும் ஒலியாலும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சொல்லிவிடும் என்று கட்டுரை மகிழ்ச்சியாக முடிகிறது. எதிர்காலத்தில் என்றுகூட இல்லை. "சொல்லிவிடுகிறது" என்று நிகழ்காலம்.

என் மாணவன் ஒருவன் இதை மனப்பாடம் செய்து வீட்டில் ஒப்பித்தான். அவன் பாட்டிக்கு நீண்ட நாள் நீரிழிவு, இன்சுலின் போடுபவர். "பள்ளிக்கூடத் தாள்லயே போட்டிருக்கே" என்று இணையத்தில் மலிவாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். பாட்டி விரல் குத்துவதை நிறுத்திவிட்டார். கடிகாரம் ஒவ்வொரு நாளும் அழகான எண் காட்டியது. மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடந்தவரைப் பேரன்தான் பார்த்தான். பிழைத்துக்கொண்டார். அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை, "நீங்க கொடுத்த தாள்தானே சார்" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுரையை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தேன்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. அப்படி எந்த ஒன்றுக்கும் தான் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றும் சொன்னது. தோலுக்கடியில் நுண்ணூசி வைக்கும் உணரிகள் வேறு வகை, அவற்றை இதோடு குழப்பக்கூடாது. ஏன் இது இவ்வளவு கடினம்? ஒரு லிட்டர் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 1 கிராம்தான். அதே இரத்தத்தில் புரதமும் கொழுப்பும் அதைவிட எத்தனையோ மடங்கு. குளுக்கோஸுக்கு நிறமில்லை. அது குரல் கொடுக்கும் அகச்சிவப்புப் பகுதியில் நீரே பெரிய சத்தம் போடுகிறது. தோல் 1 பாகை குளிர்ந்தால் எல்லாம் மாறுகிறது. ஒளியொலி முறையில் இதற்காக உலகெங்கும் உழைக்கிறார்கள், ஒருநாள் கிடைக்கலாம். நம் கட்டுரை அந்த நாளை முன்கூட்டியே கொண்டாடிவிட்டது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்குச் சில சொற்கள். இந்தக் கட்டுரையைத் தூக்கிப்போட வேண்டாம், சட்டகம் நல்ல சட்டகம். "மறைந்தது" வரும் இடத்தில் "கண்ணுக்குத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். "எந்தப் பொருளையும்" வரும் இடத்தில் ஒரு பொருளின் பெயரைச் சொல்லுங்கள்: நைட்ரேட், சல்ஃபேட், சிரப்பின் நிறமி. பெயர் சொன்ன வாக்கியம் தானாகவே அடக்கமாகிவிடும். கலைச்சொல்லுக்காகப் பயப்படாதீர்கள். தமிழ்நாட்டு நூல் கரைபொருள் என்கும், இலங்கை நூல் கரையம் என்கும். ஒன்றில் ஒளிவிலகல், இன்னொன்றில் ஒளிமுறிவு. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் திருத்திய தாள்களில் ஒரே பத்தியில் இரண்டும் வந்து, அவை இரண்டு வேறு நிகழ்வுகள் போல எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. இந்த ஆண்டு என் வகுப்பில் கட்டுரையைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் "இதற்கு எது தெரியாது?" என்று எழுதச் சொன்னேன். நிறம் பார்க்கும் முறைக்கு உப்பு தெரியாது. ஒளிவிலகலுக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்று. இராமன் முறைக்குச் சோடியமும் குளோரைடும் தெரியாது. கடலில் ஒலிக்கும் அப்படியே. ஒரு மாணவி கடைசி வரியில் எழுதினாள்: "நாக்குக்கு உப்பு தெரியும், ஈயம் தெரியாது." அறிவியல் அறையில் எதையும் சுவைக்கக் கூடாது என்ற விதிக்கு அவளே காரணம் கண்டுபிடித்துவிட்டாள். முழுப் புள்ளி கொடுத்தேன்.

திருத்திய படி ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். ஆனால் என் பெயரைப் போட்டுத்தான் அனுப்புவேன், பெயரை வெட்டாமல் பகிருங்கள். அதிலும் தப்பு இருந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று யாருக்காவது தெரிய வேண்டுமில்லையா.